பணம் வந்துவிட்டது, கூலி வரவில்லை: அமெரிக்கக் கல்லூரி வீரர்களின் வழக்கு

2025 ஜூன் 6ஆம் தேதி கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதன்படி ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். செய்தியைப் படித்த பலர், "சரி, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சம்பளம் வந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டார்கள். அது சம்பளம் இல்லை. பணம் கைக்கு வருகிறது, ஆனால் வாங்குகிற வீரர் சட்டத்தின் கண்ணில் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரியது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் களம்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நாம் நினைக்கும் மாணவர் போட்டி இல்லை. அமெரிக்கக் கால்பந்தும் (தலைக்கவசம் போட்டு முட்டை வடிவப் பந்தோடு மோதும் ஆட்டம், இனி கால்பந்து என்று சொல்வதெல்லாம் இதைத்தான்) ஆண்கள் கூடைப்பந்தும் அங்கே பெரும் தொலைக்காட்சி வியாபாரம். இவற்றை நடத்தும் அமைப்பு என்சிஏஏ, அதாவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1906இல் தொடங்கியது. சுமார் 1,100 கல்வி நிறுவனங்களும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களும் இதன் கீழ் வருகிறார்கள். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்க மட்டும், 2016இல் 880 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

இந்தப் போட்டியில் ஆடுகிறவருக்கு நீண்ட காலம் கிடைத்தது உதவித்தொகை மட்டுமே: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். 1950களில் துணி வெளுக்க மாதம் 15 டாலர் தனியாகக் கொடுத்தார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

உழைப்பு எப்படிச் சரக்காகிறது

விற்பதற்காகச் சந்தைக்கு வரும் பொருளைச் சரக்கு என்கிறோம். கூலிக்கு வேலை பார்க்கிறவர் சந்தைக்குக் கொண்டுவருவது தன் உழைக்கும் திறனை. அதற்கும் விலை உண்டு, வாங்குபவர் உண்டு, போட்டி உண்டு. ஆனால் இந்தச் சரக்கு மற்ற சரக்கு போல நடந்துகொள்வதில்லை.

1. இதைச் சேமித்து வைக்க முடியாது. இன்று விலை போகாத நெல்லை அடுத்த மாதம் விற்கலாம். இன்று விற்காத உழைப்பு இன்றோடு போயிற்று.

2. விற்பவரின் உடம்பிலிருந்து இதைப் பிரிக்க முடியாது. சரக்கை வாங்கியவர் அதை எப்படிக் கையாண்டாலும், கையாளப்படுவது ஒரு மனிதர்.

3. வாங்குபவர் காத்திருக்கலாம். விற்பவருக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டும்.

இந்த மூன்றாவது காரணத்தால்தான் தொழிலாளர்கள் சேர்ந்து நின்று கூலி கேட்டார்கள். அமெரிக்காவில் அப்படிச் சேர்ந்து நின்றதையே வணிகச் சதி என்று ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். விலையை ஏற்றச் சேரும் வியாபாரிகளையும் கூலி கேட்கச் சேரும் தொழிலாளர்களையும் ஒரே தராசில் வைத்தார்கள். அதை மாற்றத்தான் 1914இல் வந்த கிளேட்டன் சட்டத்தின் 6ஆம் பிரிவு, "மனித உழைப்பு ஒரு சரக்கோ வணிகப் பொருளோ அல்ல" என்று எழுதியது. 1944இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதையே தன் முதல் கொள்கையாக அறிவித்தது.

இந்த வாசகத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "உழைப்பு சரக்கு இல்லை, ஆகவே அதற்கு விலை பேசக் கூடாது" என்று அதற்குப் பொருள் இல்லை. உழைப்பு எப்படியும் சந்தைக்கு வரத்தான் போகிறது. வரும்போது சங்கம் வைக்கும் உரிமை, வேலை நேர வரம்பு, காயம் பட்டால் நஷ்டஈடு ஆகிய காப்புகளோடு வரட்டும் என்பதுதான் பொருள். கல்லூரி வீரர்களிடம் இந்த வாதம் அப்படியே புரட்டிப் பயன்படுத்தப்பட்டது. "உங்களைக் கூலியாட்களாக்கிக் கேவலப்படுத்த மாட்டோம்" என்ற பெயரில், அவர்கள் உழைப்பு விற்கப்பட்டது, காப்பு மட்டும் மறுக்கப்பட்டது.

'மாணவ-வீரர்' என்ற சொல் ஏன் பிறந்தது

கதை காயத்தில்தான் தொடங்குகிறது. எர்னஸ்ட் நெமெத் என்பவர் டென்வர் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர். டென்னிஸ் மைதானங்களைப் பராமரிக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்திருந்தது. கால்பந்து ஆடினால்தான் அந்த வேலை நிலைக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பயிற்சியில் அவர் முதுகு அடிபட்டது. 1953இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவரை ஊழியர் என்று ஏற்று, நஷ்டஈட்டை உறுதி செய்தது.

இரண்டு ஆண்டில் அதே மாநிலத்தில் இன்னொரு சம்பவம். ரே டெனிசன், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்கு ஆடியவர், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். 1957இல் அதே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆட வேண்டும் என்று ஒப்பந்தம் எதுவும் இல்லை, கல்லூரி கால்பந்து வியாபாரத்திலும் இல்லை என்பது தீர்ப்பின் காரணம்.

என்சிஏஏவின் தலைமை நிர்வாகியாக 1951 முதல் 36 ஆண்டுக்கும் மேல் இருந்தவர் வால்ட்டர் பையர்ஸ். இந்த வழக்குகள் அவரைக் கவலைப்பட வைத்தன. வீரர்களை ஊழியர்கள் என்று மாநில ஆணையங்கள் அறிவித்துவிடும் என்ற அச்சத்தில்தான் 'மாணவ-வீரர்' என்ற சொல்லை உருவாக்கி, எல்லா விதிகளிலும் புகுத்தியதாக ஓய்வுக்குப் பிறகு 1995இல் அவரே எழுதினார். அந்தச் சொல் பாராட்டாகப் பிறந்தது இல்லை. நஷ்டஈட்டு மனுவுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில் அது.

அந்தப் பதில் பலித்தது. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப் 1974இல் அலபாமா அணியோடு நடந்த ஆட்டத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2000இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியர் இல்லை என்று சொல்லி நஷ்டஈட்டை மறுத்தது. 26 ஆண்டு சக்கர நாற்காலியில் இருந்தவருக்குக் கிடைத்த பதில் அது.

ஒரு வீரரின் வாரம்: நார்த்வெஸ்டர்ன், 2014

ஊழியர் யார் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. (அ) ஒருவர் இன்னொருவருக்காகச் சேவை செய்ய வேண்டும், (ஆ) அதற்குப் பிரதிபலன் பெற வேண்டும், (இ) அவர் சொற்படி, அவர் கட்டுப்பாட்டில் செய்ய வேண்டும். சிகாகோ அருகே உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள், கெயின் கோல்ட்டர் தலைமையில், சங்கம் அமைக்க மனுப் போட்டபோது இந்த அளவுகோல் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல இயக்குநர் பீட்டர் சங் ஓர், 2014 மார்ச் 26 அன்று கொடுத்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும். வீரரின் ஒரு வாரம் அதில் மணிக்கணக்கில் பதிவாகியிருக்கிறது.

ஆகஸ்ட் முகாமில் வாரம் 50 முதல் 60 மணி நேரம். போட்டிக் காலத்தில் 40 முதல் 50 மணி நேரம். இதற்கு மேல்தான் படிப்பு. என்சிஏஏ விதியோ வாரம் 20 மணி நேரம் என்கிறது, ஆனால் பயணம், சிகிச்சை, கட்டுப் போடுதல் எதுவும் அந்த 20இல் சேராது. எங்கே தங்குவது, வெளியே வேலைக்குப் போகலாமா, எந்தக் காரை ஓட்டுகிறார், சமூக வலைத்தளத்தில் என்ன எழுதுகிறார் என்பது வரை பயிற்சியாளர்களின் கண்காணிப்பு. கோல்ட்டர் மருத்துவம் படிக்க விரும்பியவர். வேதியியல் வகுப்பு காலைப் பயிற்சியோடு மோதியது. அவர் வகுப்பைத் தள்ளிப்போட்டார், கடைசியில் உளவியல் பாடத்துக்கு மாறினார். 'மாணவ-வீரர்' என்ற கூட்டுச்சொல்லில் எது முன்னால் வருகிறது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும் என்று நினைக்கிறேன்.

அந்த அணியின் வருமானம் 2003 முதல் 2012 வரை 23.5 கோடி டாலர். உதவித்தொகை வாங்கும் வீரர்கள் ஊழியர்களே என்று ஓர் முடிவு செய்தார். ஏப்ரல் 25 அன்று வீரர்கள் வாக்களித்தார்கள். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்ததால் வாக்குப்பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். 2015 ஆகஸ்டில் வாஷிங்டனில் உள்ள வாரியம், வீரர்கள் ஊழியர்களா இல்லையா என்று சொல்லாமலே, இந்த மனுவைக் கையில் எடுக்க மறுத்தது. போட்டியிடும் பெரும்பாலான அணிகள் அரசுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை, அவற்றின் மீது வாரியத்துக்கு அதிகாரம் இல்லை, ஒரே ஒரு தனியார் அணிக்கு மட்டும் தனி விதி வந்தால் சமநிலை கெடும் என்றது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

தொழிலாளர் கதவு மூடியபோது வணிகக் கதவு

வீரர்கள் தொழிலாளர் சட்டத்தின் வழியே போய் முட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் திறந்தது ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கதவு. இந்தச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு: ஒரு சந்தையில் போட்டியிட வேண்டியவர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயித்தார்களா?

விற்பவர்கள் கூடி விலையை ஏற்றுவது நமக்குப் பழக்கமான முறைகேடு. வாங்குபவர்கள் கூடி விலையை அமுக்குவதும் அதே முறைகேடுதான். ஊரில் உள்ள எல்லா ஆலைகளும் "கரும்புக்கு இதற்கு மேல் தரமாட்டோம்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் விவசாயி எங்கே போவார்? கல்லூரி அணிகள் வீரருக்கு உதவித்தொகைக்கு மேல் ஒரு டாலரும் தருவதில்லை என்று விதி போட்டது அந்த வகை.

* 1984: ஒளிபரப்பு உரிமையில் என்சிஏஏவின் கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் உடைத்தது. பெரிய அணிகள் தாங்களே விற்கத் தொடங்கின, பணம் கொட்டியது. அதே தீர்ப்பில் போகிற போக்கில் எழுதப்பட்ட "வீரர்களுக்குப் பணம் தரக் கூடாது" என்ற வரியை என்சிஏஏ முப்பது ஆண்டுக்கு மேல் கேடயமாகப் பிடித்தது.

* 2009: யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், தன்னைப் போலவே ஒருவர் வீடியோ கேமில் ஆடுவதைப் பார்த்து வழக்குத் தொடுத்தார். 2014இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

* 2021 ஜூன் 21: வீரர்களுக்குத் தரும் கல்விச் சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி கவனா தனியாக எழுதிய கருத்து இன்னும் கூர்மை. குறைந்த சம்பளச் சமையல்காரர் சமைத்ததையே வாடிக்கையாளர் விரும்புகிறார் என்று சொல்லி ஒரு வட்டாரத்து உணவகங்கள் எல்லாம் கூடிச் சம்பளத்தைக் குறைக்க முடியுமா என்று அவர் கேட்டார்.

அதே 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயலை விளம்பரத்துக்கு விற்கலாம் என்ற அனுமதியும் வந்தது. இதைத்தான் செய்திகளில் என்ஐஎல் என்கிறார்கள்.

இந்தத் தொடரில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு வெற்றியையும் வீரர்கள் பெற்றது சரக்கு விற்பவராக நின்று. உழைப்பவராக நின்று கேட்டபோது பெரும்பாலும் கதவு மூடியது. "உழைப்பு சரக்கு இல்லை" என்று நூறு ஆண்டுக்கு முன்பே சட்டத்தில் எழுதிய நாட்டில், நியாயம் கேட்க இவர்கள் தங்களைச் சரக்கின் சொந்தக்காரர்களாகக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு இதுதான் இந்த விவகாரத்தின் வேதனையான இடம்.

2025 ஒப்பந்தம் எதைக் கொடுத்தது

நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் அமைந்த வழக்கின் சமரசம் இது. முன்பு ஆடியவர்களுக்குப் பத்து ஆண்டில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இனிமேல் ஆடுகிறவர்களுக்கு, ஒப்பந்தத்தில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட உச்சவரம்பு வரை பங்கு தரலாம். முதல் ஆண்டில் அந்த வரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இதில் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும்.

முதலாவது, உச்சவரம்பு. பெரிய கூட்டமைப்புகளை (பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி நடத்தும் குழுக்கள்) சேர்ந்த அணிகளின் சராசரி வருமானத்தில் 22 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவில் வீரர்களின் பங்கு ஏறக்குறைய பாதி. அங்கும் வரம்பு உண்டு, ஆனால் அது வீரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி வந்த வரம்பு. சங்கத்தோடு பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. கல்லூரி வரம்பை எந்தச் சங்கமும் பேசவில்லை, வழக்கறிஞர்களும் நீதிமன்றமும் முடிவு செய்தார்கள். என்சிஏஏ இன்று நாடாளுமன்றத்திடம் கேட்கும் சட்டப் பாதுகாப்பு, வீரர்களை ஊழியர்களாக ஏற்று அவர்கள் சங்கத்தோடு பேசினால் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும்.

இரண்டாவது, பணத்தின் பெயர். பல்கலைக்கழகங்கள் போடும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த உரிமம் பெறும் ஒப்பந்தங்களாக எழுதப்படுகின்றன. தாளில் உள்ளபடி பல்கலைக்கழகம் வாங்குவது வீரரின் முகத்தை. காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடுவதும், மோதி விழுவதும் அந்தத் தாளில் விற்பனையாகவே இல்லை. முழங்கால் தசைநார் அறுந்தால் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைக் காட்டி உரிமையோடு கேட்க முடியாது. டெனிசனின் மனைவி கேட்டது இன்னும் கிடைக்கவில்லை.

கூலி கூடாது என்பவர்கள் சொல்வது

1. "படிப்பே கூலிதானே?" அப்படியானால் அது பிரதிபலன் என்று ஒத்துக்கொள்கிறார்கள், ஊழியர் அளவுகோலில் ஒன்று நிறைவேறிவிடுகிறது. ஆனால் வாங்குபவர் தன் கடைச் சரக்காகவே கூலி தருவது நல்ல வழக்கம் இல்லை. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டைக் கூலியாகக் கொடுத்த காலம் இருந்தது. தவிர, அந்தப் படிப்பும் உறுதியாக இல்லை. 1973இல் உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும்படி மாற்றினார்கள். பல ஆண்டுக்குச் சேர்த்துத் தர 2012இல்தான் மறுபடி அனுமதித்தார்கள்.

2. "பெரும்பாலான கல்லூரிகள் இதில் லாபம் பார்ப்பதில்லை." உண்மை. லாபத்தைப் பங்குபோட முதலாளி இல்லாத இடத்தில் பணம் வேறு வழியில் கரையும். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர், நம் கணக்கில் 600 கோடி ரூபாய்க்கு மேல். வேலையை விட்டுப் போகச் சொல்வதற்கே அவ்வளவு தர முடிகிற இடத்தில், கூலிக்கு மட்டும் பணம் இல்லை என்பதை ஏற்க முடியவில்லை.

3. "மற்ற விளையாட்டுகள் அழியும்." இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். கால்பந்து சம்பாதித்துத்தான் நீச்சலும் டென்னிஸும் மல்யுத்தமும் ஓடுகின்றன. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல், டைவிங் அணிகளைக் கலைத்தது. சொன்ன காரணங்களில் ஹவுஸ் ஒப்பந்தமும் ஒன்று. பெயர் கொடுத்து வழக்கை நடத்தியவர் நீச்சல்காரர். ஆனால் கால்பந்து மைதானத்தில் தலை மோதுகிற பையன்தான் நீச்சல் குளத்துக்குச் செலவு தர வேண்டும் என்று யார் முடிவு செய்தது? நீச்சல் கல்வியின் பகுதி என்றால் கல்விச் செலவிலிருந்து அதற்கு ஒதுக்கலாம்.

4. "பெண்களுக்கு என்ன கிடைக்கும்?" இழப்பீட்டுத் தொகையில் சுமார் 75 சதவீதம் கால்பந்துக்கும் 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும்படி பிரித்தார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் 5. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது முரண் என்று பெண் வீரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். நியாயமான கேள்வி.

இனி எங்கே பார்க்க வேண்டும்

ஒன்று, குறைந்தபட்சக் கூலி கேட்டுக் கல்லூரி வீரர்கள் தொடுத்த ஜான்சன் வழக்கு. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில், அமெச்சூர் (கூலி வாங்காமல் ஆடுபவர்) என்ற பெயரைக் காட்டி மட்டும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்றது. வீரர்கள் வைத்த வாதம் எளிமையானது: அதே மைதானத்தில் பாப்கார்ன் விற்கிற, டிக்கெட் கிழிக்கிற மாணவருக்குப் பல்கலைக்கழகம் மணிக்கூலி தருகிறது. அந்தக் கூட்டத்தை வரவழைக்கிற மாணவருக்கு ஏன் இல்லை?

இரண்டு, 2025 ஜூலையில் கீழவையில் அறிமுகமான ஸ்கோர் மசோதா. என்சிஏஏவுக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து பாதுகாப்புத் தருவதும், வீரர்களை ஊழியர் ஆக்கக் கூடாது என்று எழுதுவதும் அதன் நோக்கம். நிறைவேறினால் வணிகக் கதவு, தொழிலாளர் கதவு இரண்டுமே ஒன்றாகச் சாத்தப்படும்.

மூன்று, சங்கம். டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச் 5 அன்று 13க்கு 2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறி வாரியமும் மாறும் என்று தெரிந்ததும், பாதகமான தீர்ப்பு வந்து மற்றவர்களுக்கும் கதவு அடைபட வேண்டாம் என்று அந்த டிசம்பர் 31இல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நான்காவது நம் பிள்ளைகளையும் தொடுவது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018லும் 2022லும் என்சிஏஏ பட்டம் வென்றவர். அவரைப் போல ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் அங்கே ஆடுகிறார்கள். அந்த விசாவில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கட்டுப்பாடு உண்டு. அதனால் பக்கத்தில் நிற்கும் அமெரிக்க வீரர் விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இவர்கள் விசாவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியிருக்கிறது. வளாகத்துக்குள் வேலை என்றால், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அதே விசா அனுமதிக்கிறது. ஆடுவதை வேலை என்று ஏற்றால் இவர்களுக்கும் கூலிக்கு ஒரு வழி பிறக்கலாம். அப்போது அந்த 20 மணி நேரத்தையும், நார்த்வெஸ்டர்னில் எண்ணிய 50 மணி நேரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.